ஐந்தாவது பின்னணி

கறித்தூளுக்குப் பின்னால் வெள்ளை வைக்கக் கூடாது. வைத்தால் அது சமையலுக்கு எடுத்த தூளாகத் தெரியாது. கைதவறிக் கொட்டுப்பட்டதுபோலத் தெரியும். தேனுக்கு அடியில் கறுப்பு வைத்தால் தேன் கழிவெண்ணெய் ஆகிவிடும். பனங்கிழங்கு ஒடியல் மாவுக்குச் சாக்கு நல்லது, ஆனால் புதுச் சாக்கு கூடாது. இப்படியான சின்ன விஷயங்களைத்தான் ஆறு வருடமாகப் பழகிக்கொண்டிருக்கிறேன். சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டு முன்னறையில் பதினெட்டுப் பின்னணிகள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. உடைத்த வீடொன்றின் கதவுப் பலகை, நானே சீமெந்து பூசிக் காயவைத்த தட்டு, நீலம் உரிந்த தகரம், கறுத்த வெல்வெற் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. கனடாவுக்கும் லண்டனுக்கும் ஊர்ச் சாமான் அனுப்புகிறவர்கள் போத்தலையும் பைக்கற்றையும் கொண்டு வருவார்கள். பொருத்தமான பின்னணியைத் தெரிந்தெடுத்துப் படம் எடுத்துக் கொடுப்பேன். பொருள்கள் கதைக்காது. அதனால் எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவில் கலியாணப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தேன். என்னுடைய கலியாணம் குழம்பிய பிறகு அந்த வேலைக்குப் போகவில்லை.

மாப்பிள்ளைக்குக் கரவெட்டி. பெயர் மயூரதன். பேசிச் செய்த சம்பந்தம்தான். பொன்னுருக்குக்கு நாள் வைத்து, தாலிக்கு உருக்கப் பவுண் எடுத்து, நகை செய்கிற பத்தருக்கும் சொல்லியாயிற்று. பொன்னுருக்குக்கு முதல்நாள் காலை மாப்பிள்ளையின் தாய்க்கும், அவர்களுடைய பெரியதாய்க்கும், கனடாவிலிருக்கும் மாமிக்கும், ஒருவரும் அறியாத நம்பரொன்றிலிருந்து போனில் ஒரு படம் போயிருந்தது. கொப்பியில் கிழித்த ஒற்றைத் தாளொன்றில் கையால் எழுதிய மொட்டைக் கடிதத்தின் படம். நாலே வரி.

'பெண்ணின் தாய்க்கு மனநோய். மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தவர்கள். இது பரம்பரையில் ஓடும். பொன் உருக்க முதல் விசாரிக்கவும்.'

மயூரதன் அதை எனக்கு அனுப்பியிருந்தான். தன் சொல்லாக ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை. பின்னேரம் அவர்களுடைய வீட்டிலிருந்து ஒருவர் வந்து, நாள் சரியில்லையாம் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

அம்மா மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தது உண்மை. அப்பா இறந்த வருடம் அது. சாப்பிடாமல், ஒருவரோடும் கதைக்காமல் கிணற்றடியில் போய் இருந்துவிடுவார். பிறகு மருந்து எடுத்து, வருத்தம் மாறி வந்து, தோட்டத்தைப் பார்த்து, என்னைப் படிப்பித்து, பதினைந்து வருடம் எந்தக் குறையுமில்லாமல் இருந்தார். ஊராரிடம், கொழும்பில் தமையன் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றுதான் அப்போது சொல்லியிருந்தோம். உண்மை தெரிந்த வீடு ஒன்றே ஒன்று.

மயூரதனின் முகம் இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை. அவனுக்காக நான் ஒருவரையும் ஆறு வருடம் வெறுத்திருக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு அம்மா என் கையிலிருந்த போனை வாங்கி அந்த நாலு வரியையும் வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார். போனைத் திருப்பித் தந்துவிட்டு அறைக்குள் போனார். அன்றிலிருந்து வாசல் படலை திறக்கிற சத்தம் கேட்டால் எழும்பி உள்ளே போய்விடுகிறார். கோயிலுக்கும் போவதில்லை. தன்னால்தான் என்று ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் இல்லையென்றாவது சொல்லியிருக்கலாம்.

எழுதினவர் யாரென்று தெரிய வேண்டும். தெரிந்தபின் அந்த முகத்துக்கு நேரே நின்று, அது மாறுவதைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு செய்ய வேண்டியவை என்று நிறைய யோசித்து வைத்திருந்தேன். அவற்றை எழுத முடியாது.

படத்தை அழிக்கவில்லை. வேலை பழகப் பழக அதை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். கடிதத்தை விட்டுவிட்டு அதன் பின்னணியைப் பார்த்தேன். ஒற்றை கொஞ்சம் இடப்பக்கம் சரிந்து கிடந்தது. அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு மரம். கபில நிறம், நெருக்கமான ரேகை. வலது மேல் மூலையில் இரண்டு கருங்கோடுகள் சாய்வாக வந்து சந்தித்தன. நிழல் என்று கனகாலம் நினைத்திருந்தேன். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரும்போது நிழல் அப்படி விழாது என்று பிறகுதான் விளங்கியது. எழுதினவர் மிகவும் கவனமான ஆள். நம்பர் புதிது. எழுத்து நிமிர்ந்து உருண்ட பள்ளிக்கூட எழுத்து, சிலேட்டில் எழுதிக் காட்டுவது போன்றது. எல்லாவற்றையும் யோசித்தவர், ஒற்றையை எதன்மேல் வைக்கிறோம் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. பின்னணியை ஒருவரும் யோசிப்பதில்லை. என்னிடம் வருகிறவர்களும் அப்படித்தான்.

இந்த வருடம் வைகாசியில் நிவேதனா வந்தாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள். அடுத்த ஒழுங்கையில் வீடு. என் கலியாணம் குழம்பிய கிழமை முழுவதும் இரவில் எனக்குத் துணையாக வந்து படுத்தவள் அவள்தான். அவளுக்கும் கலியாணம் நடக்கவில்லை. தாய் மகாதேவி ரீச்சர், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் ஐந்தாம் வகுப்புப் படிப்பித்து ஓய்வெடுத்தவர். தாயும் மகளும் சேர்ந்து கறித்தூள் இடித்து வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள்.

"பைக்கற்றுக்குப் படம் வேணும் ஆரணி," என்றாள். "ஆனா உன்ரை பலகையள் வேண்டாம். ஊரிலை எல்லாற்றை பைக்கற்றிலையும் உந்தக் கதவுதான் கிடக்கு. மோர்மிளகாய்க்கும் உந்தக் கதவு, நல்லெண்ணெய்க்கும் உந்தக் கதவு."

"அந்தக் கதவுக்கு என்ன குறை?"

"திறக்குதில்லை எண்டு சனம் சொல்லுது." சிரித்தாள். "எங்கடை வீட்டிலை வந்து பாரன். பழைய சாமான் கனக்கக் கிடக்கு. ஏதாவது அம்பிடும்."

அடுத்தநாள் காலை போனேன். நிவேதனா தூளுக்கு மல்லி வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள். ரீச்சர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தார். நான் விறாந்தையின் சிவப்புச் சீமெந்தைத் தடவினேன். சுளகுகளைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். பாயை உதறி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தேன்.

"தூளுக்கு ஏன் பிள்ளை உவ்வளவு சோடினை?" என்றார் ரீச்சர். "அதையென்ன பொம்பிளை பாக்கவே வரப் போகினம்?"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டார். நான் கேட்காதவள்போலப் பின்னறைக்குள் போனேன்.

அங்கே யன்னலடியில் ஒரு மேசை இருந்தது. மேலே பழைய சேலையொன்றை விரித்து, தோய்த்த உடுப்புகளைக் குவித்திருந்தார்கள். மரத்தைப் பார்ப்பதற்காக உடுப்புகளை ஒதுக்கிச் சேலையை உயர்த்தினேன். கபில நிறம், நெருக்கமான ரேகை. நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி, அயன் பெட்டி சுட்ட கருகல். அயனின் முனை கூராக, இரண்டு கோடுகள் சந்திப்பதுபோல மரத்தில் பதிந்திருந்தது.

சேலையின் நுனியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"என்ன, மேசை பிடிச்சிருக்கோ?" ரீச்சர் வாசலில் நின்றார். "முதிரை மரம். என்ரை கலியாணத்துக்கு ஐயா செய்விச்சுத் தந்தது. முப்பது வருசம் உதிலை இருந்துதான் கொப்பி திருத்தினனான். உந்தச் சூடு நிவேயின்ரை வேலை. அயனை வைச்சிட்டுப் போனிலை கதைச்சுக்கொண்டு நிண்டவள். பத்து வருசத்துக்கு மேலை."

கொப்பி திருத்தினனான். எனக்கு அந்த நிமிர்ந்த, உருண்ட எழுத்து நினைவுக்கு வந்தது. ஐந்தாம் வகுப்பில் என் கொப்பியில் சிவப்பு மையால் எழுதப்பட்ட எழுத்தும் அதுதான்.

உண்மை தெரிந்த அந்த ஒரே வீடு இதுதான். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று மாதமும் எனக்குச் சோறு வந்தது இந்தக் குசினியிலிருந்து. ஆகவே இந்த வீட்டை நான் முதலே நினைக்காமல் இல்லை. நினைத்ததற்காக வெட்கப்பட்டேன். ஏனென்றால், அம்மா அறைக்குள் போன பிறகு, அந்த அறைக்குள்ளேயே வந்திருந்து கதைக்கிற ஒரே ஆள் ரீச்சர். கிழமைக்கு ஒருதரம், ஆறு வருடம். கட்டிலில் காலை மடித்து வைத்துக்கொண்டு ஊர்ப் புதினமெல்லாம் சொல்வார். அம்மாவும் பதில் சொல்வார்.

வீட்டுக்கு வந்து போனை எடுத்துப் பார்த்தேன். பார்க்கத் தேவையில்லை. அந்த மூலை எனக்கு மனப்பாடம். அம்மா சோறு போட்டுத் தந்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். செய்ததையும் செய்துவிட்டு, அதனால் ஒடுங்கிப்போனவளின் கட்டிலில் வந்து இருந்து புதினம் சொல்ல ஒரு மனுசியால் எப்படி முடிந்தது? பாவத்துக்குப் பரிகாரமா, வேடிக்கை பார்க்கவா? எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. நேரே போய்க் கேட்டால் இல்லையென்று சொல்லுவார். அழுவார். வயது போனவர், ரீச்சர்; ஊர் அவர் பக்கம் நிற்கும். எனவே அவர் இல்லையென்று சொல்ல முடியாத இடமொன்றில் அவரைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். மகளுக்கு முன்னால் நிறுத்த வேண்டும். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். அதைக் கொண்டே செய்வது என்று முடிவெடுத்தேன்.

மூன்று நாள் கழித்துக் கமெராவோடு போனேன். நிவேதனா பைக்கற் அச்சடிக்கிற இடத்துக்கு யாழ்ப்பாணம் போயிருந்தாள். முதலில் சுளகில் எடுத்தேன். பிறகு பனையோலைப் பாயில், விறாந்தைச் சீமெந்தில், நான் கொண்டுபோன கறுத்தத் துணியில். நாலும் நன்றாகவே வந்தன. பிறகு பின்னறைக்குப் போனேன். காலை பத்து மணி வெளிச்சம் யன்னலால் இடப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

"ரீச்சர், பழைய கொப்பியிலை ஒரு ஒற்றை கிழிச்சுத் தாறியளோ? கோடு போட்டது."

"என்னத்துக்கு?"

"தூளை அதிலை வைக்கப் போறன்."

அலுமாரியில் தேடி, நடுவில் சுத்தமாகக் கிழித்து, ஓரத்தைத் தடவிச் சரிசெய்து தந்தார். அவருடைய விரல்களைப் பார்த்தேன். ஒன்றும் நடுங்கவில்லை. என்ன நெஞ்சு இது என்று நினைத்தேன்.

போனில் கடிதப் படத்தைத் திறந்து, கமெராப் பைக்குள் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன். ஒற்றையை இடப்பக்கம் சரித்தேன். அயன் சுட்ட முனை வலது மேல் மூலையில் வரும்வரை மெல்ல மெல்லத் தள்ளினேன். நேர் மேலேயிருந்து, ஒற்றையைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு மரம் தெரிய வைத்தேன். நாலு வரி இருந்த இடத்தில் நாலு கரண்டி தூள்.

"கடலைக்காரன் மாதிரி ஒற்றையிலை கொட்டி வைச்சிருக்கிறாய்," ரீச்சர் எட்டிப் பார்த்தார். "ஆனா வடிவாத்தான் இருக்கு பிள்ளை."

கமெராப் பொத்தானை அமத்தினேன்.

படம் தெரிந்தெடுப்பதற்கு எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். ஞாயிறு பின்னேரம் வந்தார்கள். படலைச் சத்தம் கேட்டதும் அம்மா வழக்கம்போல எழும்பி உள்ளே போனார். முன்னறையில் தாயையும் மகளையும் கதிரைகளில் இருத்தி, அச்சடித்த ஐந்து படங்களையும் ரீச்சரின் கையில் கொடுத்தேன். ஐந்தாவதை அடியில் வைத்திருந்தேன். எதிரே சின்ன வாங்கில் இருந்து அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து மகளிடம் கொடுத்தார். "சுளகு எல்லாரும் வைக்கிறது... பாய் பரவாயில்லை... இதென்ன எங்கடை விறாந்தையே, கழுவாமல் எடுத்திட்டாய்... இது செத்தவீடு மாதிரி இருக்கு." ஐந்தாவது வந்தது. கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். ஆறு வருடம் நான் காத்திருந்த அந்த முகம் மலர்ந்தது.

"எட, எங்கடை மேசை! பார் நிவே, நீ சுட்ட இடமும் விழுந்திருக்கு. உப்பிடிப் படத்துக்கு உதவுமெண்டு தெரிஞ்சா அண்டைக்கு உனக்கு ஏசாமல் விட்டிருப்பன்."

அந்த முகத்தில் வேறொன்றும் இல்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் நிவேதனா படத்தை வாங்கியதைக் கவனிக்கவில்லை. காகிதம் தட்டுப்பட்ட சத்தத்தில்தான் திரும்பினேன். அவள் ஐந்தாவது படத்தை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். நான் அச்சடித்த படமொன்றை இதற்கு முன் ஒருவரும் கவிழ்த்து வைத்ததில்லை.

"உது வேண்டாம் அம்மா," என்றாள்.

"ஏன்?"

"மரம் கறுப்பு. தூளின்ரை நிறம் எடுபடாது."

ஆறு வருடம் ஒரு முகத்தை நோக்கிச் சேர்த்து வைத்ததெல்லாம் அந்த அறைக்குள்ளேயே இடம் மாறவேண்டியிருந்தது. என் பக்கத்தில் படுத்து, என் தலையைத் தடவி, அழாதையடி என்று சொன்ன அந்தக் கை மடியில் கிடந்த படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு என் குரல் வந்தது. வாடிக்கைக்காரரோடு கதைக்கிற குரலாகவே வந்தது.

"கறுப்பில்லை, கபிலம். சிவப்பு எடுபடுறதே உதிலைதான். நிமித்தி மற்றதுகளோடை வைச்சுப் பார்."

அவள் நிமிர்த்தவில்லை. "சுட்ட அடையாளம் ஊத்தையாக் கிடக்கு."

"அதுதான் வடிவு. ஆக்கள் இருக்கிற வீடெண்டு தெரியும். புதுப் பலகையெண்டா கடையிலை வாங்கினது எண்டு நினைப்பினம்."

"ஒற்றை என்னத்துக்கு? தூள் பைக்கற்றிலை ஆர் கொப்பி ஒற்றை போடுவினம்?"

"ஒற்றையை ஏன் போட்டனான் எண்டு உனக்கு விளங்கேல்லையோ?"

அவள் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நான் பார்க்க விரும்பிய மாற்றம் அப்போது நடந்தது. நினைத்திருந்தது போலப் பெரிதாக ஒன்றும் இல்லை. கண்களுக்குக் கீழே தோல் கொஞ்சம் தளர்ந்தது, அவ்வளவுதான்.

"எடியே, படம் எடுக்கிறவளுக்குத் தெரியாததோ உனக்குத் தெரியும்?" ரீச்சர் எழும்பினார். "எனக்கு மேசைதான் பிடிச்சிருக்கு. இரண்டு பேரும் சண்டை பிடிச்சு முடியுங்கோ, நான் நல்லம்மாவைப் பாத்திட்டு வாறன்." அம்மாவின் அறைக்குப் போகும்போதே குரல் கொடுத்தார். "என்னடியப்பா, ஒளிச்சு இருக்கிறாய்? நான்தான்!"

அறைக் கதவு திறந்து சாத்துப்பட்டது.

எனக்கு மௌனம் பழக்கம். நான் எவ்வளவு நேரமும் இருப்பேன். அவளால் முடியவில்லை.

"எப்ப தெரியும்?"

"இப்பதான். ரீச்சர் எண்டு நினைச்சிருந்தன்."

அவள் தலையைக் குனிந்தாள். "ஒரு நாள் கோவம், ஆரணி."

"ஒரு நாள் கோவத்துக்கு ஆர் புது சிம் வாங்கிறது?"

அவள் மடியிலிருந்த படத்தின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"சொல்லு. கேக்க எனக்கு நேரம் இருக்கு."

"எனக்கு மூண்டு கலியாணப் பேச்சு வந்து போட்டுது," என்றாள். குரல் உள்ளே போய்விடக் கூடாது என்று ஒவ்வொரு சொல்லையும் அடக்கிச் சொன்னாள். "ஒரு இடம் நிறமில்லை எண்டுது. ஒரு இடம் சாதகம் எண்டுது. மற்றது ஒண்டுமே சொல்லேல்லை. உனக்கு முதல் பேச்சிலையே எல்லாம் சரி. அம்மா விடிய எழும்பினா ஆரணி, படுக்கப் போனா ஆரணி. 'தாய் ஆஸ்பத்திரியிலை கிடந்தும் அந்தப் பிள்ளை நிமிந்திட்டுது பார், உனக்கென்ன குறை' எண்டு. ஒவ்வொரு நாளும். எனக்கு அந்தச் சொல்லைக் கேக்க ஏலாமல் போச்சு."

"அந்தச் சொல்லையே எடுத்து எழுதினாய்."

"குழம்பும் எண்டு நினைக்கேல்லை. விசாரிப்பினம், பிறகு செய்வினம் எண்டுதான்..."

"எழுத்து?"

அவள் கதவைப் பார்த்தாள். "அம்மான்ரை மாதிரி எழுதினனான்."

"ஏன்?"

"ஆரும் கண்டுபிடிச்சாலும்... என்னை நினைக்க மாட்டினம் எண்டு."

நான் சிரித்திருக்க வேண்டும், அவள் திடுக்கிட்டாள். அவள் போட்ட கணக்குப் பிழைக்கவில்லை. அந்த எழுத்தைப் பார்த்து, அந்த மேசையைப் பார்த்து, நான் ரீச்சரைத்தான் நினைத்தேன். எட்டு நாள் ஒரு நல்ல மனுசியைச் சாகும்படி வெறுத்தேன். அதையும் இவளுடைய பேரில்தான் சேர்க்க வேண்டும்.

"அம்மாக்குச் சொல்லிப்போடாதை, ஆரணி. உன்ரை காலைப் பிடிக்கிறன். அவ தாங்க மாட்டா."

"என்ரை அம்மா தாங்கினவவோ?"

அந்த நேரம் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. முருங்கைக்காய் விலையைப் பற்றி ஏதோ கேட்டார். ரீச்சர் பதில் சொல்ல, அம்மா அதை நம்பாமல், "உனக்குப் பேய்!" என்றார். அம்மாவின் குரல் கதவுக்கு வெளியே கேட்கிற அளவுக்கு உயர்வது ரீச்சர் வந்தால் மட்டும்தான்.

என்னால் சொல்ல முடியாது என்று அப்போது தெரிந்தது. சொன்னால் ரீச்சர் அவமானத்தில் செத்துப்போவார். இந்தப் படலையை இனித் திறக்க மாட்டார். அம்மாவுக்கு இருக்கிற அந்த ஒரு மணித்தியாலமும் போய்விடும். கடிதம் தொடங்கியதை நானே முடித்து வைத்ததாக ஆகும்.

அது எனக்கு விளங்கியது. அவளுக்கு விளங்கத் தேவையில்லை.

ஐந்து படங்களையும் அவளிடமிருந்து வாங்கி, வாங்கில் வரிசையாகப் பரப்பினேன்.

"ஒண்டைத் தெரி," என்றேன்.

"ஆரணி..."

"வாடிக்கைக்காரர் தானே தெரியிறது. முதல் நாலிலை ஒண்டு வேணுமெண்டா, இப்ப உள்ளை போய் ரீச்சரிட்டை ஏன் மேசை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு வந்து தெரி. சொல்ல ஏலாதெண்டா ஐஞ்சாவதைத் தெரி. பைக்கற்றிலை ஐஞ்சாவது வரும். நீ நிரப்புவாய், நீ ஒட்டுவாய், நீ அனுப்புவாய். கனடாவுக்கும் போகும். மயூரதன்ரை மாமி அங்கைதான் இருக்கிறா. அவவின்ரை போனிலையும் உந்த மூலை கிடக்கும்."

"அவ கண்டா?"

"கண்டா, பைக்கற்றிலை கிடக்கிற உங்கடை விலாசத்தை வைச்சு ஆர் எழுதினது எண்டு விளங்கும். ரீச்சரின்ரை எழுத்தெண்டும் ஆரும் சொல்லக் கூடும்."

அது அவளுக்கு நன்றாகப் பட்டது. பட வேண்டுமென்றுதான் சொன்னேன். அவள் சுளகைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள், உள்கதவைப் பார்த்தாள். ஒருதரம் எழும்பவும் செய்தாள். இரண்டு அடி வைத்தாள். உள்ளே தாய் சிரித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து இருந்தாள்.

ரீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்ன, சண்டை முடிஞ்சுதோ? எது?"

நிவேதனா வரிசையின் கடைசிப் படத்தில் விரலை வைத்தாள்.

"மேசைதான், அம்மா."

"நான் அப்பவே சொன்னனான். கேட்டியே?"

ஆடியில் பைக்கற்றுகள் அச்சாகி வந்தன. தூள் நன்றாகப் போனது. படத்துக்காகவே வாங்குகிறார்கள் என்று யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் ஒருவர் சொன்னாராம். ரீச்சருக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. உடுப்பு போடுகிற மேசை உனக்கு உழைப்புக்கு உதவுமெண்டால் நீயே வைத்திரு பிள்ளை என்று சொல்லி, ஒரு காலை உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் மேசையை ஏற்றி அனுப்பிவிட்டார். இப்போது அது என் முன்னறை யன்னலடியில், இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வருகிற இடத்தில் நிற்கிறது. அம்மா இதைப் பற்றி எதுவும் அறியார். மேசை வந்த அன்று அதன் விளிம்பைத் தட்டிப் பார்த்து, நல்ல முதிரை என்றார்.

கறித்தூளுக்குப் பிறகு மிளகுத்தூள். பிறகு மோர்மிளகாய், பனம்பழப் பினாட்டு. எல்லாப் பைக்கற்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அப்போதுதான் சனத்துக்கு அடையாளம் தெரியும் என்று நான் ரீச்சருக்கு விளங்கப்படுத்தியிருக்கிறேன். அதனால் மாதத்தில் ஒருநாள் நிவேதனா புதுச் சாமானோடு வருகிறாள். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, நிழல் விழாமலிருக்க வெள்ளைத் தட்டியைப் பிடிப்பது அவளுடைய வேலை. மெலிந்துவிட்டாள். என் மனதில் இரக்கம் வருமோ என்று ஒவ்வொரு தரமும் பார்க்கிறேன். இதுவரை வரவில்லை. வராததற்காக ஒரு கவலையும் இல்லை.

வேலை முடிந்து தட்டியை மடிக்கும்போதுதான் அவள் கேட்பாள். ஒவ்வொரு மாதமும் கேட்கிறாள். கண்ணைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்பாள்.

"ஆரும் ஏதும் கேட்டவையோ?"

ஒருவரும் கேட்கவில்லை. கரவெட்டிக்காரர் அந்தப் படத்தை எப்போதோ அழித்திருப்பார்கள். கனடாவிலிருக்கும் மாமி, போனால் போன சம்பந்தமொன்றின் கடிதத்து மூலையையா நினைவில் வைத்திருக்கப் போகிறார்? அதை நினைவில் வைத்திருக்க வேண்டியவர்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேரும் இந்த அறைக்குள்தான் நிற்கிறோம்.

நான் கமெராவைத் துடைத்து, மூடியைப் போட்டு, பையைச் சாத்துகிறேன். அவள் காத்துக்கொண்டு நிற்கிறாள். அவசரமில்லை.

"இன்னும் இல்லை," என்கிறேன்.